ஆயரின் கோலும் நான் மாற்றிச் சொன்ன கதையும்

அன்பு மகள் றெஜினாவுக்கு,

உன் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து கிழமைதான் இருக்கிறது. மண்டபத்தில் சாப்பாடு முடிந்ததும் பெண்ணின் தகப்பன் பத்து நிமிடம் பேசவேண்டும் என்று உன் அம்மா ஒரு தாளில் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார். எதைப் பேசுவது என்று கேட்டேன். அந்த ஆயர் கோல் கதையைச் சொல்லுங்கோ, எல்லாருக்கும் பிடிச்ச கதைதானே என்றார். சரி என்று சொல்லிவிட்டுத் தாளையும் பேனையையும் எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். நான்கு நாளாக உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் கை போகவில்லை. இத்தனை வருடமாக நான் சொல்லிவந்த அந்தக் கதையை, நீ மணப்பெண்ணாக முன்னால் இருந்து கேட்டுக்கொண்டிருக்க, இன்னொரு முறை சொல்ல என்னால் ஏலாது என்று அப்போதுதான் விளங்கியது. ஏன் என்று உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அதனால் முதலில் உனக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பிராங்பேர்ட் ரெயினில் நின்றுகொண்டு வாசிக்காதே; வீட்டுக்குப் போய், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசி.

நடந்ததை நடந்தபடி, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று விட்டுவிட்டுத்தான் இந்தக் கதை இவ்வளவு கோணலாகிப் போனது. மன்னாரில் அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் பகுதியில் நான் பதினொரு வருடம் பல் கட்டியவன். இங்கே வந்து, அகதி விசாரணை எல்லாம் முடிந்து, வேலை செய்யலாம் என்று கடிதம் கிடைத்தபோது என் சான்றிதழ் இந்த நாட்டில் செல்லாது என்றார்கள். மைன் ஆற்றங்கரையில் நாங்கள் குடியிருந்த இந்தச் சின்ன நகரத்துப் பல் தொழிற்கூடம் ஒன்று என்னை உதவியாளாக எடுத்தது. பல் வைத்தியர்கள் நோயாளிகளின் வாயில் எடுத்து அனுப்பும் அச்சுகளுக்குள் கிப்ஸ் என்ற வெள்ளைச் சாந்தைக் கரைத்து ஊற்றுவது, இறுகியதும் கழற்றி விளிம்பைச் சீவுவது, பின்னேரத்தில் தரையைக் கழுவுவது. ஐந்து வருடம் இதுதான் வேலை. மெழுகில் பல்லைச் செதுக்கி உலோகத்தில் வார்க்கும் மேசைகள் ஜன்னலோரம் இருந்தன. அவற்றில் என்னைவிட இருபது வயது குறைந்த பிள்ளைகள் இருந்தார்கள். நான் பின்னறையில் வெள்ளைத் தூசிக்குள் நின்றேன். ஊருக்கு ரெலிபோனில் கதைக்கும்போது மட்டும், அங்கே செய்த அதே வேலைதான் இங்கேயும் என்று சொல்லுவேன். நீ பக்கத்தில் இருந்து பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருப்பாய். ஒரு நாளும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்ததில்லை. பார்க்காமல் விட்டதற்கு நான் உள்ளுக்குள் உனக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

அந்தக் காலத்தில்தான் பிறவ் கெஸ்லர் எங்கள் தொழிற்கூடத்துக்கு வந்தார். இந்த நகரத்துப் பெரிய கத்தோலிக்கக் கோவிலின் பொருட்காட்சிசாலையில் பழைய பூசைப் பொருட்களைச் செப்பனிட்டுக் காப்பது அவருடைய உத்தியோகம். பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும், கட்டையாக வெட்டிய நரைத் தலை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் பூதக்கண்ணாடி. அயர்லாந்திலிருந்து ஏறக்குறைய தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன் இந்தப் பக்கம் வந்த துறவிகள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் ஓர் ஆயர் கோல் அங்கே இருக்கிறது. கண் தெரியாதவர்கள் தொட்டுப் பார்ப்பதற்கென்று அதன் தலைப்பகுதிக்கு ஒரு பிரதி செய்யவேண்டும் என்றார். மயிரிழைக் கீறலையும் பிடிக்கக்கூடியது பல் அச்சு எடுக்கும் சிலிக்கோன்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முதலாளிக்கு ஊரில் பெயர் வரும் வேலை; உடனே ஒப்புக்கொண்டார். சிலிக்கோன் வாளிகளைத் தூக்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஆயர் கோல் என்றதும் நான் நினைத்தது, மடு மாதா திருநாளுக்கு வரும் ஆயர் ஆண்டகையின் கையிலிருக்கும், நுனி நத்தை ஓடுபோலச் சுருண்ட பொன்முலாம் கோலை. இது வேறு மாதிரி. முதியவர்கள் ஊன்றும் கைத்தடியைப் போல மேலே வளைந்து, வளைவின் நுனி நேராகக் கீழ்நோக்கி வெட்டி விட்டதுபோல நின்றது. அந்த நுனி ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் ஒரு காலத்தில் புனிதரின் எலும்புத் துண்டு இருந்திருக்கலாம் என்றார் பிறவ் கெஸ்லர். வெளியே தெரிவதெல்லாம் வெண்கலத் தகடு. உள்ளே இருப்பது வெறும் மரத்தடி. எவரோ ஒரு பரிசுத்தர் ஊன்றி நடந்த தடியாம். அவர் இறந்தபின் அது உக்கிப்போகாமல் இருக்க வெண்கலச் சட்டை போட்டிருக்கிறார்கள். இடையிடையே உருண்ட குமிழ்கள். வளைவின் பக்கங்களில் மெல்லிய காடி வெட்டி, அதற்குள் வெள்ளிக் கம்பியை அடித்து இறக்கி, கம்பியின் இரண்டு ஓரத்திலும் கந்தகம் கலந்த ஒரு கறுப்பை உருக்கி நிரப்பியிருந்தார்கள். பாம்பா கொடியா என்று தெரியாத வடிவங்கள் ஒன்றின் மேலும் கீழுமாகப் பின்னிப் பின்னிப் போயின. நடுநடுவே பயறளவு நீலக் கண்ணாடி மணிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பும் வெள்ளையுமாகப் பூப்போல ஒரு கோலம். வளைவின் கீழ்ப்பக்கத்தில் எழுத்து இருந்தது. இதைச் செய்வித்தவருக்காகவும் செய்தவருக்காகவும் மன்றாடுங்கள் என்று அர்த்தமாம். செய்வித்தவரின் பெயரை இன்றும் வாசிக்கலாம். செய்தவரின் பெயர் இருந்த இடம், ஆயர்மாரின் கை பட்டுப் பட்டு வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

வளைவின் முதுகில் ஒரு வரிசை மிருகங்கள், நாயா சிங்கமா என்று பிடிபடாதவை. ஒவ்வொன்றும் முன்னால் போவதன் பின்னங்காலைக் கவ்விக்கொண்டு நின்றன. முதலாளியும் பிறவ் கெஸ்லரும் சிலிக்கோன் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்க, நான் குனிந்து அவற்றின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு மிருகத்தின் வயிற்றுக்குக் கீழே, வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படாத இடத்தில், அரிசி மணியளவு ஒரு முண்டு இருந்தது. எனக்குப் பழக்கமான முண்டு அது. மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி மண் பூசி, சூளையில் வைத்து மெழுகை ஓட விட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும்போது, உலோகம் உள்ளே போன வழியில் ஒரு காம்பு மிஞ்சும். வெளியே தெரியும் காம்பை அராவி எடுப்போம். தெரியாத இடத்தில், களைத்துப் போயிருந்தால், அப்படியே விட்டுவிடுவோம். மன்னாரில் நானும் விட்டிருக்கிறேன். என்னுடைய உடைந்த ஜெர்மனில், "இங்கேதான் ஊற்றியிருக்கிறான்" என்று சொல்லி அந்த முண்டைக் காட்டினேன். பிறவ் கெஸ்லர் பூதக்கண்ணாடியை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி, முதலாளியை விட்டுவிட்டு என்னிடம், நீங்கள் வார்ப்பு வேலை தெரிந்தவரா என்று கேட்டார். ஐந்து வருடத்தில் முதல்முறையாக ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி அது. இதுவரைக்கும் நான் எல்லோருக்கும் சொல்லிவந்த கதை உண்மைதான். இனி வருவதுதான் வேறு.

அடுத்த கிழமை முதலில் ஒரு பக்கத்துக்கு அச்சு எடுத்தோம். ஆடிக்கொண்டிருந்த மணிகளின் மேல் பிறவ் கெஸ்லர் முன்கூட்டியே மெல்லிய பூச்சு ஒன்று பூசிக் காபந்து செய்திருந்தார். நான் சிலிக்கோனைக் கலந்து பூசினேன். இறுகியதும் ஓரம் ஓரமாக, மெதுவாக உரிக்கவேண்டும் என்று அவர் இரண்டு தரம் சொன்னார். முதல் துண்டுகளை அப்படித்தான் உரித்தேன். கடைசித் துண்டுக்கு வரும்போது முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். எனக்குள் ஒரு செருக்கு வந்தது, மகளே. பல்லாயிரம் வாய் அச்சு கழற்றிய கை இது என்று அவருக்குக் காட்டவேண்டும் போல இருந்தது. ஒரே இழுவையில் எடுத்தேன். சுத்தமாக வந்தது. முதலாளி தோளில் தட்டினார். துண்டுகளைப் பெட்டியில் அடுக்கித் தொழிற்கூடத்துக்குக் கொண்டுவந்து, பின்னேரம் தனியே இருந்து ஒவ்வொன்றாகக் கழுவும்போது, கடைசித் துண்டின் மடிப்புக்குள் ஏதோ நீலமாகத் தெரிந்தது. கோலின் கண்ணாடி மணிகளில் ஒன்று.

அந்த நேரம் எனக்கு வந்த பயத்தை இன்றுவரை யாருக்கும் சரியாகச் சொல்லவில்லை. நிரந்தரமாக இருப்பதற்கு நாங்கள் கொடுத்த அன்ராக், அந்த விண்ணப்பம், அப்போது வெளிநாட்டவர் அலுவலகத்தில் கிடந்தது. மூன்று கிழமையில் தேர்மீன், நேரில் வரச்சொன்ன நாள். கோவில் சொத்தை உடைத்தவன், அல்லது எடுத்தவன் என்று ஒரு கடதாசி அங்கே போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். உன்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு எந்த விமான நிலையத்தில் போய் நிற்பது? யாராவது நல்ல மனுசரிடம் கேட்டிருந்தால், அப்படியொன்றும் நடக்காது என்று சொல்லியிருப்பார்கள். கேட்க எனக்குத் துணிவில்லை. மணியைப் பஞ்சில் சுற்றி நெருப்புப் பெட்டிக்குள் வைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மாவுக்கு அன்று முதியோர் இல்லச் சமையலறையில் பின்னேர வேலை. நீ குசினி மேசையில் புத்தகங்களைப் பரப்பி வைத்துப் படித்துக்கொண்டிருந்தாய். அபித்தூர் என்ற கடைசிப் பள்ளிப் பரீட்சை வருடம் உனக்கு. நெருப்புப் பெட்டியைத் திறந்து உன் முன்னால் வைத்தேன். நீ அதைக் கையால் தொடவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாய். வியாழக்கிழமை மற்றப் பக்கத்து அச்சு எடுக்கப் போகும்போது, பிறவ் கெஸ்லர் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து இதை ஒட்டிவிடப் போகிறேன் என்று என் திட்டத்தைச் சொன்னேன்.

"என்ன பசையில இருந்தது எண்டு உங்களுக்குத் தெரியுமோ, அப்பா?" என்று கேட்டாய்.

"தெரியாது."

"அப்ப எப்பிடி ஒட்டுவீங்கள்? இது எங்கட இல்லை. நாளைக்கே குடுங்கோ. நானும் வாறன், நான் கதைக்கிறன்."

நீ சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தேர்மீனைப் பற்றிச் சொன்னேன். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றாய். உனக்கு இந்த நாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். உங்களைவிட எனக்குக் கூடத் தெரியும் அப்பா என்று, கோபமில்லாமல், இருப்பதைச் சொல்வதுபோலச் சொன்னாய். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

"நீ எங்கட பிள்ளையே இல்லை. இவங்கட பிள்ளையா வந்திட்டாய். போ, போய் அவங்களோட இரு."

எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நான் சொன்னதை நான்தான் எழுதவேண்டும். புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு உன் அறைக்குப் போனாய். எட்டு வயதில் இந்த நாட்டுக்குக் கூட்டிவந்து, பள்ளிக்கூடத்தில் விட்டு, நல்லாய்ப் படி, இவர்களைப் போலக் கதை, எங்கள் கடிதங்களுக்கு நீதான் பதில் எழுதவேண்டும் என்று பத்து வருடம் சொல்லி வளர்த்துவிட்டு, அதையே குற்றமாக்கி உன் முகத்தில் எறிந்தேன்.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் ஏறியபிறகுதான் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன். நெருப்புப் பெட்டி இருந்தது. திறந்தால் பஞ்சு மட்டும். அடுத்த தரிப்பில் இறங்கிக் காட்சிசாலைக்கு ஓடினேன். ஓடும்போது என் மனதில் இருந்தது உன்மேல் கோபம், வேறொன்றும் இல்லை. மேல்மாடி வேலையறைக் கதவைத் திறந்தபோது நீ பிறவ் கெஸ்லருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாய். மேசையில் ஒரு வெள்ளைத் துணி, அதன்மேல் அந்த மணி. அவர் எழுந்து வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். அவருடைய கண் சிவந்திருந்தது. நேற்று மாலையே எண்ணிப் பார்த்ததாகவும், ஒன்று குறைந்ததாகவும், இத்தனை வருட உத்தியோகத்தில் இப்படி நடப்பது முதல்முறை என்பதால் மேலிடத்துக்குச் சொல்லத் துணிவில்லாமல் விடியும்வரை காத்திருந்ததாகவும் சொன்னார். அந்த மணியின்மேல் பூச்சுப் பூச மறந்தது தான்தான் என்றார். பிறகு, "கண்டதும் உடனே மகளை அனுப்பி வைத்தீர்களே, அதற்கு நன்றி" என்றார்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்பாதான் அனுப்பினார், வேலைக்குப் போகவேண்டியிருந்ததால் அவர் வரவில்லை என்று நீ சொல்லியிருந்தாய். முதல் நாள் பின்னேரம் உண்மையைச் சொல்லச் சொல்லி என்னிடம் மன்றாடிய பிள்ளை, என் மானத்துக்காக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தது. அந்த இடத்திலாவது நான், இல்லை, நான் அனுப்பவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுக்கு ஜெர்மன் எனக்குத் தெரியும். நான் சொன்னது, ஓம் என்பதற்கு அவர்கள் சொல்லும் "யா." அவ்வளவுதான். ஓர் எழுத்து.

மணி கழன்ற குழியைப் பார்க்க வாருங்கள் என்று அவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பூதக்கண்ணாடிக்குக் கீழே, அந்தக் குழியின் நடுவில், ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி. கவராயத்தின் கால் ஊன்றிய இடம். வட்டத்தைச் சரியாகக் கீறுவதற்காக அந்தத் தொழிலாளி குத்திய புள்ளி. மணியைப் பதித்ததும் மறைந்துபோனது. அவனுக்குப் பிறகு இதைப் பார்த்தவர்கள் நாங்கள் மூன்று பேராகத்தான் இருக்கும் என்று பிறவ் கெஸ்லர் சொன்னார். நீ மூச்சை அடக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாய். என் முறை வந்தபோது நானும் பார்த்தேன். பார்க்கவேண்டியதைப் பார்த்த மாதிரித் தலையாட்டினேன். என் மனம் அதில் இல்லை.

அன்று பின்னேரம் நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுடுகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து அம்மாவுக்கு ரெலிபோன் வந்தது. காலையில் உனக்குக் கணிதப் பரீட்சை இருந்திருக்கிறது, நீ போகவில்லை. எனக்கு அது தெரியாது. நீ சொல்லவும் இல்லை. அம்மா உன்னை நிற்கவைத்து ஏசினார். வயிற்றுவலி, ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிட்டேன் என்று சொன்னாய். பொய் என்று அம்மாவுக்குத் தெரிந்தது. யாரோ பெடியனைப் பார்க்கப் போயிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கடுமையாக ஏசினார். நான் அதே மேசையில் இருந்து சோறு சாப்பிட்டேன். ஒரு முறை நீ என் பக்கம் பார்த்தாய். நான் குழம்பை எடுத்து ஊற்றினேன். பிறகு மறுபரீட்சை எழுதினாய். நீ எதிர்பார்த்த புள்ளி வரவில்லை. அதைப் பற்றியும் நீ ஒரு சொல் சொன்னதில்லை.

எனக்கோ அதற்குப் பிறகு நல்லகாலம். பிறவ் கெஸ்லர் முதலாளிக்கு ரெலிபோன் எடுத்து என் நேர்மையையும் என் கைத்தொழிலையும் புகழ்ந்தார். பிரதிக்கான மிருகங்களை நீயே வார்த்துப் பார் என்று முதலாளி ஜன்னலோர மேசையில் என்னை உட்காரவைத்தார். பதின்மூன்று மிருகங்கள். நான்கு தரம் பிழையாகிப் போனது. ஒரு தரம் கால் நிரம்பவில்லை, ஒரு தரம் காற்றுக் குமிழ். ஐந்தாம் தரம் வந்தது. அந்த அரிசி மணி முண்டையும் அதே இடத்தில் விட்டேன். திறப்பு விழாவில் கண் தெரியாத ஒரு மனிதர் விரலால் தடவிக்கொண்டே போய் அந்த முண்டில் நின்று, இது என்ன என்று கேட்டார். நான் விளங்கப்படுத்த, அவர் சிரித்தார். பிறகு நான் அந்த மேசையைவிட்டு இறங்கவில்லை. வேலை செய்துகொண்டே பரீட்சை எழுதி, இந்த நாட்டுச் சான்றிதழும் எடுத்தேன். நிரந்தர விசாவும் வந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நீ சொன்னதுபோலவே, அங்கே யாரும் ஒரு மணியைப் பற்றியும் கேட்கவில்லை.

கதையை நான் ஒரே நாளில் மாற்றவில்லை. முதலில் முதலாளிக்குச் சொன்னேன், கண்டவுடன் மகளிடம் கொடுத்தனுப்பினேன் என்று. பிறகு பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் ஆட்களுக்குச் சொல்லும்போது, மகளைக் கூட்டிக்கொண்டு நானே போனேன் என்றானது. ஒரு வருடத்தில் நீ கதையிலிருந்து மெல்ல மெல்லக் கழன்றுவிட்டாய். நான் மட்டும் மணியோடு ஓடுகிறேன். பாலன் பிறப்பு நத்தார் ஒன்றுகூடலில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? இருபது முப்பது பேர் சுற்றி நின்றார்கள். "எனக்கு விசா போனாலும் பரவாயில்லை, எங்கட இல்லாததை வைச்சிருக்க ஏலாது எண்டு கொண்டுபோய்க் குடுத்தன்" என்று, நீ சொன்ன சொல்லை என் வாயால் சொன்னேன். நீ தேத்தண்ணித் தட்டோடு நின்றாய். "அப்பா, சீனி போட்டது இந்தப் பக்கம்" என்று மட்டும் சொல்லி ஒரு கோப்பையை என் கையில் தந்தாய். உன் முகத்தில் ஏளனம் இருந்திருந்தால் நான் அன்றே நிறுத்தியிருப்பேன். ஏளனமே இல்லை. பிள்ளை சின்னதென்று நினைத்து நான் செய்தவற்றையெல்லாம் நீ ஒரு பெரிய மனுசியைப் போலப் பொறுத்துக்கொண்டிருந்தாய்.

போன சனிக்கிழமை அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மணி, கோல், விசா எதையும் அவர் பெரிதாக எடுக்கவில்லை. பரீட்சை நாளைப் பற்றிச் சொன்னதும் கையிலிருந்த துணியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அண்டைக்கு நான் பிள்ளையை எவ்வளவு ஏசினன். நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள், என்ன?"

ஓம் என்றேன். அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது. திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பிறவ் கெஸ்லரிடம் போனேன். அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறாராம். கூட்டிப்போக நீ இல்லை, நானேதான் கதைத்தேன். பிழையான ஜெர்மன்தான், ஆனால் ஒன்றையும் விடவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அலுமாரியிலிருந்து அந்தக் கோல் பற்றிய கோப்பு ஒன்றை எடுத்தார். அச்சு எடுத்த நாளைப் பற்றிய பக்கத்தில், மணியைத் திருப்பித் தந்தவர் என்று என் பெயர் இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி எழுதித் திருத்தி, கையெழுத்து வைத்து, என்னிடம் காட்டினார். உன் முழுப்பெயரையும் எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதியிருக்கிறார். என் பெயரின்மேல் ஒரே ஒரு கோடு. வாசிக்கக்கூடிய மாதிரித்தான் வெட்டினார். கோப்பு அப்படித்தான் இருக்கவேண்டுமாம்.

கல்யாணம் செய்யப்போகும் பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்லவேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். உன் புருசனுக்காக அப்படி ஒரு பொய்யை ஒரு நாளும் சொல்லாதே. அவன் நல்ல பிள்ளை. கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, கேட்காமலே பாத்திரம் கழுவினதை நான் பார்த்தேன். நல்ல பிள்ளைகளுக்கும் பயம் வரும். பயம் வந்தால் வாயில் வருவதைச் சொல்வார்கள், பிறகு தாங்கள் நல்லவர்களாக வருகிற கதை ஒன்றை உண்டாக்குவார்கள். அன்று நீ என்னைக் காப்பாற்றியது அன்பினால்தான், எனக்குத் தெரியும். ஆனால் அந்த அன்பின் நிழலில் நான் நான்கு வருடம் சுகமாக இருந்துவிட்டேன். அவன் வெட்கப்படவேண்டிய இடத்தில் கொஞ்சம் வெட்கப்படட்டும், விடு. பக்கத்தில் நில், போதும். யாராவது உன்னைப் பார்த்து நீ எங்கள் பிள்ளை இல்லை என்று சொன்னால், அது அவனுடைய வீட்டாராக இருந்தாலும், புத்தகத்தை அடுக்கிக்கொண்டு எழும்பிப் போகாதே. இருந்து பதில் சொல். எனக்கும் நீ சொல்லியிருக்கவேண்டும். சொல்லவிடாமல் செய்தது நான்தான்.

நான் அன்று சொன்னது பொய், றெஜினா. நீ என் பிள்ளை. என்னிடம் இருந்திருக்கவேண்டியதெல்லாம் உன்னிடம் இருக்கிறது. மன்னித்துக்கொள் என்று கேட்கிறேன். உடனே ஓம் சொல்லவேண்டும் என்றில்லை.

மண்டபத்தில் அந்தக் கதையை நடந்தபடி சொல்ல எனக்கு விருப்பம். இருநூறு பேர் இருப்பார்கள், என் கதையை ஏற்கெனவே கேட்டவர்கள் பாதிப் பேர். அவர்கள் என்ன நினைத்தாலும் பரவாயில்லை. ஆனால் அது உன் கதை. உன்னைக் கேட்காமல் இன்னொரு முறை எடுக்கமாட்டேன். வேண்டாம் என்றால் உங்கள் இருவரையும் வாழ்த்திவிட்டு இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ ரெலிபோன் எடுப்பாய். வழக்கமாக நான் சாப்பிட்டியோ என்று கேட்பேன், நீ ஓம் என்பாய், நான் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். இந்தமுறை அம்மா பூசையால் வந்ததும் பக்கத்து வீட்டுக்குப் போகிறாராம். நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். எடு.

உன் அப்பா